ஆன்லைன்ல அக்கவுண்டிங் மாஸ்டர்ஸ்: ரெண்டு வருஷம் படிச்சு முடிச்சதுக்கு அப்புறம் ஒரு ரிவ்யூ

முதல் டேர்ம்ல நான் எழுதி அனுப்புன ஒரு மெமோ, அதாவது ஒரு கேஸை எப்படிக் கணக்குல காட்டணும், ஏன்னு விளக்குற குறிப்பு, மொத்தமே ரெண்டு பக்கம்தான், திரும்பி வந்தப்ப ஓரத்துல 14 கமெண்ட் இருந்துச்சு. மார்க் சுமார்தான். ஆனா அந்த 14 கமெண்ட்டையும் உக்காந்து படிச்ச ராத்திரிதான் இந்த கோர்ஸுக்கு நான் கட்டுன காசு எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சுது. இந்த ரிவ்யூல லெக்சர், எக்ஸாம், டைம் மேனேஜ்மென்ட் எல்லாத்தையும் பத்திச் சொல்றேன், ஆனா எல்லாத்தையும் அந்த ஒரு விஷயத்தை வச்சுதான் அளக்கப் போறேன்: நாம எழுதுறதை யாராவது உக்காந்து படிச்சு, எங்க யோசனை தப்பாப் போச்சுன்னு சொல்றாங்களா இல்லையா.

மொதல்ல என்னைப் பத்தி ரெண்டு வரி, அப்பதான் நான் சொல்றதை நீங்க எவ்வளவு எடுத்துக்கலாம்னு தெரியும். ஒன்பது வருஷமா அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்ல வேலை, மாசக் கடைசி க்ளோசிங், பேங்க் ரீகன்சிலியேஷன், ஆடிட்டர் கேக்குற ஷெட்யூல் தயார் பண்றது, இதுதான் என் உலகம். டிகிரி காமர்ஸ். வேலையை விட முடியாது, ஆனா க்ளோசிங் பண்றதைத் தாண்டி, ஒரு கான்ட்ராக்ட் வந்தா அதை எப்படிக் கணக்குல கொண்டு வரணும்னு முடிவு எடுக்குற இடத்துக்குப் போகணும்னு ஆசை. அதனாலதான் ஆன்லைன் மாஸ்டர்ஸ். 10 பாடம், ஒவ்வொண்ணும் 8 வாரம், ஒரு நேரத்துல ஒரு பாடம் மட்டும்னு எடுத்து ரெண்டு வருஷத்துல முடிச்சேன். யுனிவர்சிட்டி பேரைச் சொல்லப் போறதில்ல, ஏன்னா ஒரே யுனிவர்சிட்டிக்குள்ளயே பாடத்துக்குப் பாடம் தரம் அவ்வளவு மாறுச்சு, பேரை மட்டும் பாத்துச் சேந்தா ஒண்ணும் தெரியாது.

அந்த மெமோ கதைக்கு வர்றேன். ஐஎஃப்ஆர்எஸ் 15 (ஐஎஃப்ஆர்எஸ்னா சர்வதேசக் கணக்கு விதிகள்), அதாவது வாடிக்கையாளர்கிட்ட இருந்து வர்ற வருமானத்தை எப்போ, எவ்வளவு பதிவு பண்ணணும்னு சொல்ற ஸ்டாண்டர்டு, 2018 ஜனவரி 1ல இருந்து அமலுக்கு வந்தது. அஞ்சு படி: ஒப்பந்தம் இருக்கான்னு பாரு, அதுல என்னென்ன கடமை இருக்குன்னு பிரி, மொத்த விலை என்னன்னு கணக்குப் போடு, அந்த விலையைக் கடமைகளுக்குள்ள பங்கு போடு, ஒவ்வொரு கடமையும் நிறைவேறும்போது வருமானம் எடு. இதை யார் வேணா மனப்பாடம் பண்ணிடலாம். கேஸ் இதுதான்: ஒரு டெலிகாம் கம்பெனி 24 மாச பிளானோட போனை "இலவசமா" கொடுக்குது, மாசம் 1,250 கட்டணும், மொத்தம் 30,000. போனைத் தனியா வித்தா 12,000, பிளானைத் தனியா வித்தா மாசம் 1,000, அப்போ 24,000. தனித்தனி விலையோட கூட்டு 36,000, அதுல போன் மூணுல ஒரு பங்கு, அதனால 30,000ல 10,000 போனுக்கு, மிச்சம் 20,000 பிளானுக்கு. கையில ஒரு பைசா வாங்காம முதல் நாளே 10,000 வருமானம் எடுக்கணும், எதிர்ப்பக்கம் கான்ட்ராக்ட் அசெட், அதாவது இனிமே பில் போட்டு வாங்க வேண்டிய தொகை, அப்புறம் மாசா மாசம் பில் 1,250, வருமானம் 833.33, கான்ட்ராக்ட் அசெட் 416.67 குறையும். 24 மாசத்துல சரியா பூஜ்யம் ஆயிடும். நான் இதை அழகா டேபிள் போட்டு, ஜர்னல் என்ட்ரி போட்டு, எல்லாம் டேலி ஆகுதுன்னு சந்தோஷமா அனுப்பிட்டேன்.

திரும்பி வந்த கமெண்ட்ல ஒண்ணுகூட கணக்கைப் பத்தி இல்ல. "போன் தனிக் கடமைன்னு எழுதியிருக்கீங்க, ஏன்? வேற நெட்வொர்க்ல அது வேலை செய்யுமா, லாக் பண்ணியிருந்தா உங்க பதில் மாறுமா?" "12,000ங்கிற தனி விலை எங்க இருந்து வந்துச்சு, கம்பெனி நிஜமாவே அந்த விலைக்குத் தனியா விக்குதா?" "ஆறாவது மாசம் வாடிக்கையாளர் விலகுனா என்ன அபராதம், அந்த அபராதம் சின்னதா இருந்தா இது 24 மாச ஒப்பந்தம்னே சொல்ல முடியுமா?" எல்லாத்தையும் விட என்னை உக்கார வச்சது இதுதான்: "போனை இன்னிக்குக் கொடுத்துட்டுப் பணத்தை ரெண்டு வருஷம் கழிச்சு வரைக்கும் வாங்குறாங்களே, இதுல கடன் கொடுத்த அம்சம் இல்லையா? ஒரு வருஷத்துக்குள்ளன்னா விட்டுடலாம்னு சலுகை இருக்கு, இங்க ஒரு வருஷத்தைத் தாண்டுது, நீங்க அதைப் பத்தி ஒரு வரிகூட எழுதல." நான் அதை யோசிக்கவே இல்ல. கணக்கு டேலி ஆனா வேலை முடிஞ்சுதுன்னு ஒன்பது வருஷமா பழகுன மூளை, அதுக்கு முன்னாடி எடுக்க வேண்டிய முடிவுகளைப் பாக்கவே பழகல. மறுபடி எழுதி அனுப்ப ஒரு வாய்ப்பு கொடுத்தாங்க. ரெண்டாவது வெர்ஷன் நாலு பக்கம் வந்துச்சு, ஜர்னல் என்ட்ரி அதே தான், முன்னாடி இருந்த காரணங்கள்தான் முழுசா மாறுச்சு.

இப்ப இதுக்கு நேர் எதிர் அனுபவம். மூணாவது பாடம், மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங். ஆக்டிவிட்டி பேஸ்டு காஸ்டிங் (எந்த வேலைக்கு எவ்வளவு செலவுன்னு பாத்துப் பங்கு போடுற முறை) வச்சு ஒரு ஃபேக்டரியோட மூணு ப்ராடக்டுக்கு ஓவர்ஹெட்டை, அதாவது வாடகை மாதிரி பொதுச் செலவை, பிரிச்சு, எதை நிறுத்தலாம்னு பரிந்துரை எழுதணும். ஒரு வாரம் ராத்திரி ராத்திரியா உக்காந்து எழுதுனேன். மூணு வாரம் கழிச்சு வந்த ஃபீட்பேக்: "நல்ல முயற்சி. 88." அவ்வளவுதான். மிச்ச 12 மார்க் எங்க போச்சுன்னு கேட்டு மெயில் போட்டா, திருத்துனது ப்ரொஃபசர் இல்ல, கிரேடர், ரூப்ரிக் (மார்க் போடுற அளவுகோல்) படி மார்க் வந்திருக்குன்னு ஒரு பொதுவான பதில். அதுல நான் ஒரு ப்ராடக்டை நிறுத்தச் சொல்லி எழுதியிருந்தேன், அதை நிறுத்துனாலும் அதுக்குப் பங்கு போட்ட ஃபேக்டரி வாடகை போயிடாது, மத்த ரெண்டு ப்ராடக்ட் தலையில விழும், இந்தத் தப்பை நானே ஆறு மாசம் கழிச்சு வேற ஒரு பாடம் படிக்கும்போதுதான் கண்டுபிடிச்சேன். சொல்லிக் கொடுக்க ஆள் இருக்குற இடத்துல, தப்போட ஆறு மாசம் சுத்துனது எனக்கு இன்னும் வருத்தமாத்தான் இருக்கு. அதே ஃபீஸ், அதே கிரெடிட், ரெண்டு பாடத்துக்கும்.

லெக்சர் வீடியோக்களைப் பத்திப் பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. தெளிவா இருந்துச்சு, சிலது பழசு. அந்த அளவுக்கு நல்ல வீடியோ நெட்ல இலவசமாவே கிடைக்குது, ஸ்டாண்டர்டு டெக்ஸ்ட்டையே நேரா படிக்கிறது அதைவிட நல்லதுன்னு போகப் போகத் தெரிஞ்சுது. லைவ் கிளாஸ் வாரம் ஒண்ணு, அது மட்டும் தவற விடாதீங்க, ரெக்கார்டிங்ல பாத்துக்கலாம்னு விட்டா பாக்கவே மாட்டோம், நாலு வாரம் சேந்துடும், அப்புறம் ஒன்றரை மடங்கு ஸ்பீடுல ஓட்டிப் பாத்தும் தலையில ஒண்ணும் நிக்காது.

சேர்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இதை யாரும் அட்மிஷன் போன்கால்ல சொல்ல மாட்டாங்க. "எந்த டிகிரியா இருந்தாலும் சேரலாம்"னு போட்டிருப்பாங்க, பிரிட்ஜ் கோர்ஸ் ரெண்டு கொடுப்பாங்க. என் கூட படிச்ச ஒருத்தர் இன்ஜினியர், ரொம்ப கெட்டிக்காரர், கணக்குல என்னை விடப் பல மடங்கு ஸ்ட்ராங். ஆனா டெபிட் கிரெடிட் அவருக்குக் கையில ஊறல, அட்ஜஸ்டிங் என்ட்ரி ஒவ்வொண்ணுக்கும் நின்னு யோசிக்க வேண்டியிருந்துச்சு, எட்டு வாரப் பாடத்துல ரெண்டாவது வாரமே கன்சாலிடேஷன், அதாவது தாய்க் கம்பெனி, துணைக் கம்பெனி கணக்கை ஒண்ணா சேக்குறது, வந்துடுது. தாய்க் கம்பெனி 80க்கு வாங்குன சரக்கைத் துணைக் கம்பெனிக்கு 100க்கு வித்து, வருஷக் கடைசியில பாதி விக்காம கிடந்தா 10 லாபத்தை நீக்கணும், ஏன்னா குடும்பத்துக்குள்ளயே வித்ததுல லாபம் வராதுன்னு அவருக்கு உடனே புரிஞ்சுது. எந்த அக்கவுண்ட்டை டெபிட் பண்றதுன்னுதான் நின்னுட்டாரு. பாவம், ரெண்டு டேர்ம்ல விலகிட்டாரு. அதனால நான் சொல்ற ஒரு டெஸ்ட்: ரெண்டு வருஷ பேலன்ஸ் ஷீட், ஒரு வருமான அறிக்கை, இது மட்டும் வச்சுக்கிட்டு இன்டைரக்ட் மெத்தட்ல, அதாவது லாபத்துல ஆரம்பிச்சுத் திருத்தங்கள் பண்ணி, கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட் தனியா போட முடியுதா பாருங்க. டிப்ரிசியேஷனைத் திரும்பக் கூட்டுறது, கடனாளிகள் ஏறுனா கழிக்கிறது, அசெட் வித்த லாபத்தை மேல இருந்து எடுத்துட்டு வித்த முழுப் பணத்தையும் இன்வெஸ்டிங்ல காட்டுறது, இதெல்லாம் புக் பாக்காம வந்துச்சுன்னா நீங்க ரெடி. வரலைன்னா மூணு மாசம் தள்ளிப் போட்டு இன்டர்மீடியட் அக்கவுண்டிங் புக் ஒண்ணை முழுசா போட்டுப் பாத்துட்டு வாங்க, அந்த மூணு மாசம் வீணாப் போகாது.

பாடங்கள்ல எனக்கு வேலையில உடனே கை கொடுத்தது லீஸ். ஐஎஃப்ஆர்எஸ் 16, 2019 ஜனவரி 1ல இருந்து. அதுக்கு முன்னாடி ஆபரேட்டிங் லீஸ்னா வாடகையைச் செலவுல எழுதிட்டுப் போயிடுவோம், பேலன்ஸ் ஷீட்ல எதுவும் தெரியாது. இப்ப சின்ன விதிவிலக்குகள் தவிர எல்லாம், ஒரு அசெட்டாவும் ஒரு கடனாவும், பேலன்ஸ் ஷீட்டுக்குள்ள வரணும். வருஷக் கடைசியில 1,00,000 வீதம் அஞ்சு வருஷம், வட்டி 8 சதவீதம்னா இன்னிக்கு மதிப்பு 3,99,271. முதல் வருஷம் வட்டி 31,942, டிப்ரிசியேஷன் 79,854, ரெண்டும் சேத்து 1,11,796 செலவு, ஆனா கட்டுனது 1,00,000 தான். அஞ்சாவது வருஷம் அதே செலவு 87,261க்கு எறங்கிடும். "வாடகை மாறல, செலவு ஏன் மாறுது"ன்னு எங்க மேனேஜர் கேட்டப்ப நான் எக்செல்லைத் திறந்து அஞ்சு நிமிஷத்துல காட்டுனேன். எட்டு சதவீதம் எங்க இருந்து வந்துச்சுன்னு அவர் அடுத்த கேள்வி கேட்டாரு, அதுக்கும் என்கிட்ட பதில் இருந்துச்சு, ஏன்னா அந்த முதல் மெமோவுலயும் அதே மாதிரி கேள்வியைக் கமெண்ட்ல வாங்கியிருந்தேன்.

ஆடிட் பாடம்தான் என்னோட ஃபேவரிட், ஒத்துக்குறேன். ஒன்பது வருஷமா ஆடிட்டருக்குப் பேப்பர் கொடுக்குற பக்கம் இருந்தவ, அவங்க ஏன் அப்படிக் கேக்குறாங்கன்னு அந்தப் பக்கம் போய் நின்னு பாக்குற அனுபவம். கணக்குல எவ்வளவு பணம் இருக்குன்னு உறுதி கேக்குற பேங்க் கன்ஃபர்மேஷன் லெட்டரை ஆடிட்டரே நேரா பேங்குக்கு அனுப்பணும், பதிலும் நேரா அவங்களுக்கே வரணும்னு ஐஎஸ்ஏ 505ங்கிற சர்வதேச ஆடிட் விதி சொல்லுது. எங்க ஆபீஸ்ல "நாங்களே வாங்கித் தர்றோமே, எதுக்கு இவ்வளவு பிடிவாதம்"னு நான் சலிச்சுக்கிட்டது ஞாபகம் வந்துச்சு. அப்புறம் வயர்கார்டு கேஸ் படிச்சோம், 2020ல ஜெர்மனியில விழுந்த பேமென்ட் கம்பெனி. 190 கோடி யூரோ பிலிப்பைன்ஸ் பேங்க் கணக்குகள்ல இருக்குறதா புக்ல இருந்துச்சு, அந்த பேங்குகளோ அப்படி ஒரு பணம் எங்ககிட்ட இல்ல, அந்த டாக்குமென்ட்டே போலின்னு சொல்லிட்டாங்க. படிச்சதுக்கு அப்புறம் எங்க ஆடிட்டர்கிட்ட நான் ஒருநாளும் அந்த லெட்டரைப் பத்தி முகம் சுளிக்கல.

வேர்ல்டுகாம்ங்கிற அமெரிக்க டெலிகாம் கம்பெனி கேஸுக்கு முழுசா ஒரு வாரம் ஒதுக்கியிருந்தாங்க. மத்த கம்பெனிகளோட லைனைப் பயன்படுத்துறதுக்குக் கட்டுற கட்டணம், சுத்தமான நடப்புச் செலவு, அதை அசெட்டா தூக்கிப் பேலன்ஸ் ஷீட்ல வச்சுட்டாங்க, 2002 ஜூன்ல வெளிய வந்தப்ப முதல்ல சொன்ன தொகையே 380 கோடி டாலர். இதைக் கண்டுபிடிச்சது கம்பெனியோட சொந்த இன்டர்னல் ஆடிட் டீம், சிந்தியா கூப்பர் தலைமையில, ராத்திரியில உக்காந்து யாருக்கும் தெரியாம என்ட்ரி என்ட்ரியா தேடுனாங்க. இந்தக் கேஸுக்கு எங்க அசைன்மென்ட் அருமையா இருந்துச்சு: மோசடியைப் பத்தி எழுதச் சொல்லல, "நீங்க அந்த டிபார்ட்மென்ட்ல ஜூனியர், உங்ககிட்ட அந்த என்ட்ரி போடச் சொல்லி மேல இருந்து மெயில் வருது, பதில் மெயில் எழுதுங்க"ன்னாங்க. நூறு வார்த்தை கூட வராத மெயில். நான் ஏழு தடவை எழுதி அழிச்சேன். ப்ரொஃபசர் எல்லாருக்கும் தனித்தனியா பதில் போட்டாங்க, எனக்கு வந்தது: "மரியாதையா இருக்கு, ஆனா சப்போர்ட்டிங் டாக்குமென்ட் என்னன்னு நீங்க கேக்கவே இல்ல, அதைக் கேட்டிருந்தா உங்களுக்கு மறுக்கவே வேண்டியிருக்காது." அந்த ஒரு வரியை நான் இன்னிக்கும் வேலையில வச்சுப் பொழைக்கிறேன், எந்தப் புது என்ட்ரி வந்தாலும் முதல் கேள்வி டாக்குமென்ட் எங்கன்னுதான்.

டேட்டா அனலிட்டிக்ஸ் பாடம் பாதி நல்லா இருந்துச்சு. எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்ல இருந்து தகவல் எடுக்குற மொழி) அடிப்படை, எக்செல்ல பவர் க்வெரி (டேட்டாவைச் சுத்தம் பண்ற கருவி), இது ரெண்டும் வேலையில தினமும் உதவுது. பென்ஃபோர்டு விதி சொல்லிக் கொடுத்தாங்க, இயல்பா உருவாகுற தொகைகள்ல முதல் இலக்கம் 1 ஆ இருக்குறது 30.1 சதவீதம், 9 ஆ இருக்குறது 4.6 சதவீதம்தான். ஆர்வக் கோளாறுல எங்க ஆபீஸ் வெண்டர் பேமென்ட் லிஸ்ட்டை, மேனேஜர் அனுமதி வாங்கி, ஓட்டிப் பாத்தேன். 49ல ஆரம்பிக்கிற தொகை கன்னாபின்னான்னு கூடியிருந்துச்சு, எங்க அப்ரூவல் லிமிட் 50,000. லிமிட்டைத் தாண்டாம இருக்க யாரோ வேணும்னே கொஞ்சம் கம்மியாப் போடுறாங்களோன்னு எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ரெண்டு நாள் பில் பில்லா எடுத்துப் பாத்தா, ஒரே ஒரு பராமரிப்பு கான்ட்ராக்ட், பல கிளைக்கும் மாசம் 49,500 வீதம், முறையா கையெழுத்தான ஒப்பந்தம். ஒண்ணும் தப்பில்ல. இதை அசைன்மென்ட்ல எழுதலாமா வேணாமான்னு தயங்கி, கம்பெனி விவரம் எல்லாம் மறைச்சு எழுதுனேன், அதுக்கு வந்த ஃபீட்பேக்ல மறுபடியும் நல்ல கேள்வி: "ஒப்பந்தம் இருக்குன்னு பாத்தீங்க சரி, 49,500ங்கிற விலை எப்படி முடிவாச்சுன்னு பாத்தீங்களா?" பாக்கல. போய்ப் பாத்தேன், மூணு கொட்டேஷன் இருந்துச்சு, அப்பதான் நிம்மதி.

டேக்ஸ் பாடம் பத்தி ஒரு எச்சரிக்கை. ஐஎஃப்ஆர்எஸ் மாதிரி இல்ல டேக்ஸ், அது அந்தந்த நாட்டுச் சட்டம். ப்ரோக்ராம் எந்த நாட்டுல இருக்கோ அந்த நாட்டுச் சட்டம்தான் சொல்லிக் கொடுப்பாங்க. நீங்க வேலை பாக்குற நாடு வேறன்னா அந்தப் பாடத்துல பாதிக்கு மேல பயன்படாது, டெஃபர்டு டேக்ஸ் (பின்னாடி வருஷங்கள்ல கட்ட வேண்டிய, இல்லன்னா மிச்சமாகுற வரி) மாதிரி ஐஏஎஸ் 12ங்கிற சர்வதேசக் கணக்கு விதியில வர்ற பகுதி மட்டும் ஐஎஃப்ஆர்எஸ் பின்பற்றுற எந்த நாட்டுலயும் செல்லும். அதுக்குப் பதிலா வேற எலெக்டிவ் எடுக்க விடுவாங்களான்னு முன்கூட்டியே கேளுங்க.

நேரம். வாரத்துக்கு 15 மணி நேரம்னு பிரோஷர்ல இருந்துச்சு, அது சாதாரண வாரத்துக்கு உண்மை, மெமோ இருக்குற வாரம் 22, 23 ஆயிடும். அக்கவுண்ட்ஸ்ல வேலை பாக்குறவங்களுக்கு ஒரு தனிச் சிக்கல், மாசத்தோட முதல் வாரம் க்ளோசிங், அசைன்மென்ட் டெட்லைனும் அதே வாரத்துல வந்து விழும். ரெண்டாவது டேர்ம்ல க்ளோசிங்கும் மிட்டேர்மும் ஒரே வாரம் வந்து நான் மூணு நாள் நாலு மணி நேரத் தூக்கத்துல ஓட்டுனேன், அந்த எக்ஸாம்ல ஒரு வழக்கமான இம்பேர்மென்ட் (அசெட்டோட மதிப்பு குறைஞ்சா நஷ்டம் எழுதுறது) கணக்கை ரெண்டு தடவை தலைகீழாப் போட்டேன். அதுக்கு அப்புறம் ஒவ்வொரு டேர்ம் ஆரம்பத்துலயும் சிலபஸ் வந்த அன்னிக்கே எங்க க்ளோசிங் காலண்டரைப் பக்கத்துல வச்சு, மோதுற தேதிகளை ப்ரொஃபசருக்கு மெயில் போட்டு முன்னாடியே மாத்திக்கிட்டேன். ஒருத்தர்கூட மறுக்கல. கடைசி நாள் கேட்டாத்தான் மறுப்பாங்க. வருஷக் கடைசி ஆடிட் நேரத்துல ஒரு டேர்ம் பாடமே எடுக்காம விட்டேன், அது நல்ல முடிவு.

எக்ஸாம் எல்லாம் வெப்கேமரா வச்சுக் கண்காணிப்பாங்க. ரூமை மொத்தமும் சுத்திக் காட்டணும், ரஃப் பேப்பரைக் கேமரா முன்னாடி ரெண்டு பக்கமும் திருப்பிக் காட்டணும். ஒரு எக்ஸாம்ல நான் ரஃப் பேப்பர்ல குனிஞ்சு கணக்குப் போட்டுக்கிட்டே இருந்ததை, ஸ்க்ரீனைப் பாக்கலன்னு சாஃப்ட்வேர் கொடி காட்டி எக்ஸாமை நிறுத்திடுச்சு, கண்காணிக்கிறவர் வந்து சரி பண்ண 20 நிமிஷம், அந்த நேரத்தைத் திருப்பி வாங்க ரெண்டு வாரம் மெயில் போட வேண்டியிருந்துச்சு. அக்கவுண்டிங் எக்ஸாம்ல குனிஞ்சு எழுதாம எப்படிங்க கணக்குப் போடுறது? இதைத் தேர்வு அமைக்கிறவங்க யோசிச்சே ஆகணும், கோவமாத்தான் சொல்றேன். மாறா ஆடிட் பாடத்துக்கு எக்ஸாமே இல்ல, மூணு மெமோ, ஒரு வாய்மொழித் தேர்வு, 20 நிமிஷம் ப்ரொஃபசரோட வீடியோ கால்ல உக்காந்து நீ எழுதுனதை நீயே காப்பாத்தணும். வேர்த்து ஊத்துச்சு, ஆனா எனக்கு அதுதான் நியாயமாப் பட்டுச்சு, எழுதுனது நாமதான்னு அதைவிடத் தெளிவா யாராலயும் காட்ட முடியாது.

குரூப் வொர்க்கை வேகமா சொல்லி முடிச்சுடுறேன்: நாலு பேர், நாலு டைம் ஜோன், ஒருத்தர் எப்பவும் காணாமப் போவாரு. முதல் மீட்டிங்லயே யார் எந்த பகுதின்னு எழுதி வச்சுடுங்க.

கடைசிப் பாடம் கேப்ஸ்டோன், அதாவது படிச்சதை எல்லாம் சேத்துப் பண்ற ப்ராஜெக்ட், நான் குட்வில் (இன்னொரு கம்பெனியை வாங்கும்போது அதோட நிகர சொத்து மதிப்புக்கு மேல கொடுத்த தொகை) இம்பேர்மென்ட் எடுத்தேன், ஐஏஎஸ் 36. இங்கதான் ரெண்டு வருஷமும் ஒண்ணா சேந்துச்சு. பட்ஜெட் வச்சு அஞ்சு வருஷம் வரைக்கும் கேஷ் ஃப்ளோ கணிக்கலாம், அதுக்கு மேல நிலையான, இல்லன்னா குறையுற வளர்ச்சி விகிதம், அதைத் தாண்டணும்னா காரணம் காட்டணும். அஞ்சாவது வருஷக் கேஷ் ஃப்ளோ 100, தள்ளுபடி விகிதம் (வருங்காலப் பணத்தை இன்னிக்கு மதிப்புக்குக் கொண்டு வர்ற விகிதம்) 10 சதவீதம்னு வைங்க. வளர்ச்சி 2 சதவீதம்னா டெர்மினல் மதிப்பு, அதாவது அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் வர்ற கேஷ் ஃப்ளோ எல்லாத்தோட மதிப்பு, 102ஐ 8 சதவீதத்தால (10ல 2 போக) வகுத்தா 1,275. வளர்ச்சியை 3 சதவீதம்னு மாத்துனா 103ஐ 7 சதவீதத்தால வகுக்கணும், 1,471. ஒரே ஒரு சதவீதம், மதிப்பு 15 சதவீதம் ஏறிடுச்சு, நஷ்டம் எழுத வேண்டிய இடத்துல எழுதாம போயிடலாம். என் டிராஃப்ட்ல நான் 3 போட்டிருந்தேன், "இண்டஸ்ட்ரி சராசரி"ன்னு காரணம். அது எந்தக் காலத்துச் சராசரி, பணவீக்கம் சேத்தா சேக்காமலான்னு கேட்டுத் திரும்பி வந்துச்சு. மூணு தடவை திரும்பி வந்துச்சு. மூணாவது தடவை நான் 2க்கு இறக்கி, ஏன்னு ஒன்றரை பக்கம் எழுதி, 1.5க்கும் 2.5க்கும் என்ன ஆகும்னு டேபிளும் போட்டேன்.

சேரலாமா வேணாமான்னு எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு போன மாசம் கேட்டா, "அக்கா, இதை முடிச்சா எனக்கு லைசென்ஸ் வந்துடுமா?"ன்னு. வராதும்மா. மாஸ்டர்ஸ் வேற, ஆடிட்ல கையெழுத்துப் போடுற தகுதி வேற. அதைக் கொடுக்குறது அந்தந்த நாட்டுத் தொழில்முறை அமைப்பு, சில பேப்பருக்கு விலக்கு கிடைக்கலாம், ஏசிசிஏங்கிற பிரிட்டன் கணக்காளர் அமைப்பு மாதிரி இடத்துல கடைசிக் கட்டப் பேப்பர்களுக்கு விலக்கே கிடையாது. "எக்ஸெம்ப்ஷன் உண்டு"ன்னு யுனிவர்சிட்டி பேஜ்ல போட்டிருந்தாலும், அந்த அமைப்போட சொந்தப் பக்கத்துல ப்ரோக்ராம் பேரைத் தேடிப் பாத்துட்டுத்தான் காசு கட்டணும். அங்கீகாரமும் அப்படித்தான். ஏஏசிஎஸ்பி, 1916ல ஆரம்பிச்ச அமைப்பு, பிசினஸ் ஸ்கூலுக்கு ஒரு அங்கீகாரம் கொடுக்குது, அக்கவுண்டிங்குக்குத் தனியா இன்னொண்ணு கொடுக்குது. முதல்து இருக்குறதைக் காட்டி ரெண்டாவதும் இருக்குற மாதிரி பேசுவாங்க, பிரிச்சுக் கேளுங்க.

அவகிட்ட நான் வேற ஒரு லிஸ்ட்டும் கொடுத்தேன், அட்மிஷன் ஆபீஸ்ல கேக்க. ஒரு வகுப்புல எத்தனை பேர்? என் அசைன்மென்ட்டைத் திருத்துறது பாடம் எடுக்குற ஆளா, கிரேடரா? எத்தனை நாள்ல திரும்பி வரும்? மறுபடி எழுதி அனுப்ப விடுவீங்களா? போன வருஷம் திருத்துன ஒரு மெமோவைப் பேரை மறைச்சுக் காட்ட முடியுமா? கடைசிக் கேள்விக்கு ஒரு இடத்துல உடனே பிடிஎஃப் அனுப்பிட்டாங்க, ஓரம் முழுக்க கமெண்ட். இன்னொரு இடத்துல "எங்க ஃபேகல்ட்டி உலகத்தரம்"னு பிரோஷரையே திரும்ப அனுப்புனாங்க. அவ முதல் இடத்துல சேந்திருக்கா, பேர் கொஞ்சம் சின்ன யுனிவர்சிட்டிதான், நான் நல்லதுன்னுதான் சொன்னேன்.

எனக்கு இது ஒர்த்தான்னு கேட்டா, 10 பாடத்துல ஆறு பாடத்துக்குக் கட்டாயம் ஒர்த். மூணு சுமார். ஒண்ணு, அந்த 88 மார்க் பாடம், காசைத் திருப்பிக் கேக்கணும் போல இருந்துச்சு. சம்பளம் உடனே ஏறல, வேலை மாறுச்சு. புது கான்ட்ராக்ட் எது வந்தாலும் இப்ப என் டேபிளுக்கு வருது.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். படிப்பு முடிஞ்ச ஆறு மாசத்துல எங்க லாகின் மூடிட்டாங்க, வீடியோ, அசைன்மென்ட், கமெண்ட் எல்லாம் அதோட போச்சு. நல்லவேளை ஒரு சீனியர் சொல்லி நான் என்னோட மெமோ எல்லாத்தையும் ஓரத்துக் கமெண்ட்டோட பிடிஎஃப்பா டவுன்லோட் பண்ணி வச்சிருந்தேன், மொத்தம் 31. போன வாரம் ஒரு மெஷினும் மூணு வருஷ சர்வீஸும் சேத்து விக்கிற கான்ட்ராக்ட் வந்துச்சு, அந்த முதல் மெமோவைத்தான் திறந்தேன், 14 கமெண்ட்டையும் ஒண்ணொண்ணா இந்த கான்ட்ராக்ட்டுக்குக் கேட்டுப் பாத்தேன், அதுல நாலுக்கு சேல்ஸ் டீம்கிட்ட பதில் இல்ல. கேட்டு மெயில் போட்டிருக்கேன்.